சிவப்புத் தண்டுக்கீரைக்குள் இருக்கும் பச்சை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சிறுவர் பக்கத்தில் இலைகள் ஏன் பச்சையாக இருக்கின்றன என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் நன்றாக இருந்தன, பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எளிமையாகவும் எழுதியிருந்தார்கள். அதற்கு என் பாராட்டு. ஆனால் நடுவில் ஒரு வரி, பச்சை இலைகளில் மட்டும்தான் பச்சையம் உண்டு, சிவப்பு இலைகளிலும் ஊதா இலைகளிலும் அது கிடையாது, அதனால் அவற்றால் உணவு தயாரிக்க முடியாது என்கிறது. இது தவறு. ஒரு வரிதானே என்று நானும் பேசாமல் இருந்திருப்பேன், ஆனால் அந்த வரி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து ஒரு குழந்தையை அழ வைத்துவிட்டது.

என் பேத்தி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய வகுப்புத் தேர்வில் ஒளிச்சேர்க்கை நடக்காத இலைக்கு எடுத்துக்காட்டு கேட்டிருந்தார்கள். சிவப்புத் தண்டுக்கீரை என்பதுதான் அவர்கள் எதிர்பார்த்த பதில். இவள், சிவப்புக் கீரையிலும் ஒளிச்சேர்க்கை நடக்கும், பச்சையம் உள்ளே மறைந்திருக்கிறது, மணி பிளாண்டில் வெள்ளையாக இருக்கும் பகுதியில்தான் நடக்காது என்று எழுதிவிட்டு வந்தாள். நான் சொல்லிக் கொடுத்ததுதான். சிவப்பு மையில் பெரிய தப்புக் குறி போட்டு மதிப்பெண் சுழியம். அவள் எழுந்து கேட்டிருக்கிறாள். திங்கள்கிழமை அந்த ஆசிரியை உங்கள் சிறுவர் பக்கத்தையே கொண்டுவந்து, பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள் பார் என்று வகுப்பு முழுக்கக் காட்டியிருக்கிறார். பள்ளியின் பெயரும் ஆசிரியையின் பெயரும் இங்கே வேண்டாம். அந்தம்மா மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்தை முடிப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும், முப்பத்தோரு வருடம் தாவரவியல் நடத்தியவள் நான். ஆனால் அச்சில் வந்துவிட்டால் அதுதான் உண்மை என்று நம் ஊரில் இன்னும் நம்புகிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் பேத்தி பேசவே இல்லை. சரி, வாயால் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கடைத்தெருவுக்குப் போய் ஒரு கட்டு சிவப்புத் தண்டுக்கீரை வாங்கிவந்தேன். நல்ல கருஞ்சிவப்பு, இலையின் அடிப்பக்கம் திராட்சைப்பழ நிறத்தில் மின்னியது. கழுவி, தண்டைத் தனியாக ஒடித்து வைத்துவிட்டு, இலையை மட்டும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அவளைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். போட்ட அரை நிமிடத்திலேயே இலையைச் சுற்றி இளஞ்சிவப்பாகப் புகை மாதிரி ஒன்று தண்ணீருக்குள் இறங்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்து, அப்புறம் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரியே ஆகிவிட்டது. கரண்டியால் ஒரு இலையை எடுத்து வெள்ளைத் தட்டில் விரித்துக் காட்டினேன். பச்சை! நரம்போரம் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது, மற்றபடி அரைக்கீரைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. அவள் தட்டைப் பார்க்கிறாள், தண்ணீரைப் பார்க்கிறாள், மறுபடி தட்டைப் பார்க்கிறாள். "அப்ப பச்சை எங்க இருந்து வந்துச்சு பாட்டி?" என்றாள். எங்கிருந்தும் வரவில்லை, முதலிலிருந்தே உள்ளேதான் இருந்தது, மேலே மூடியிருந்த சிவப்பு கரைந்து போய்விட்டது, அவ்வளவுதான்.

நம் அம்மாக்களும் பாட்டிகளும் தினமும் பார்த்துக்கொண்டிருந்த விஷயம் இது. யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

இதில் நடப்பது என்ன என்பதை, உங்கள் கட்டுரையாளருக்கும் உதவும் என்று, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இலையின் ஒரு செல்லை எடுத்துக்கொண்டால் பச்சையம் இருப்பது பசுங்கணிகம் என்ற சின்னஞ்சிறு உறுப்புக்குள், அதிலும் அடுக்கடுக்காக இருக்கும் சவ்வுகளில் பதிந்து. அது தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் சாராயத்திலும்தான் கரையும். கீரையின் சிவப்பு நிறமியோ செல்லின் நடுவில் பெரிதாக நீர் நிரம்பிய பை ஒன்று இருக்கிறதே, அந்த நுண்குமிழுக்குள் கரைந்திருக்கிறது. தண்ணீரில் உடனே கரையும். வெந்நீரில் செல்லின் சவ்வுகள் கிழிந்ததும் சிவப்பு வெளியே ஓடிவிடுகிறது, பச்சை இருந்த இடத்திலேயே நிற்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் வேறு வேறு அறையில் குடியிருக்கிற மாதிரி. ஒன்று இருப்பதால் இன்னொன்று இல்லை என்று ஆகிவிடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தண்டுக்கீரை இனம் முழுக்கவே மக்காச்சோளம், கரும்பு, சோளம் இவற்றைப் போல பிடித்த கார்பனை முதலில் நாலு கார்பன் உள்ள பொருளாக்கிக்கொள்கிற வழியில் உணவு தயாரிக்கிற செடிகள். தாவரவியலில் சி4 என்போம். கொளுத்துகிற வெயிலில் நெல்லைவிடச் சிக்கனமாகத் தண்ணீரைச் செலவு செய்து, கார்பன் டை ஆக்சைடை வேகமாகப் பிடித்துச் சர்க்கரையாக்குவதில் கெட்டிக்காரச் செடி. விதைத்து மூன்று நாலு வாரத்தில் பறிக்கிற அளவுக்கு அது கிடுகிடுவென்று வளர்வதே அதற்குச் சாட்சி. போயும் போயும் அந்தக் கீரையைப் பிடித்து உணவு தயாரிக்கத் தெரியாதது என்று எழுதிவிட்டார்களே என்றுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு சோதனை செய்வோம். வெள்ளையும் பச்சையும் கலந்த இலையைப் பறித்து, வெந்நீரில் போட்டு, பிறகு சாராயத்தில் வைத்துப் பச்சையத்தை எடுத்துவிட்டு, அயோடின் கரைசலை ஊற்றினால் பச்சையாக இருந்த இடம் கருநீலமாகும், வெள்ளையாக இருந்த இடம் பழுப்பு மஞ்சளாக நிற்கும். அயோடின் கருநீலமாக்குவது ஸ்டார்ச்சை, அதாவது இலை தயாரித்த மாவுச்சத்தை, அதனால் பச்சையம் இருந்த இடத்தில்தான் ஸ்டார்ச் உண்டாகிறது என்பதற்கு இது நல்ல நிரூபணம். ஆனால் இதிலிருந்து பிள்ளைகள், ஏன் பல ஆசிரியர்களும்கூட, பச்சையாகத் தெரியாத எந்த இடத்திலும் உணவு உண்டாகாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளையாகத் தெரிவது வேறு, சிவப்பாகத் தெரிவது வேறு. வெள்ளை இடத்தில் பச்சையம் நிஜமாகவே இல்லை. சிவப்பு இடத்தில் அது மூடிக்கிடக்கிறது. நான் வேலையில் இருந்தபோது கோலியஸ் என்ற அழகுச்செடியின் சிவப்பு இலையையும் கூடவே போட்டுச் செய்யச் சொல்வேன். சிவப்பு போய், பச்சை தெரிந்து, அதுவும் போய், கடைசியில் அயோடின் பட்டதும் அந்தச் சிவப்பு இலை கருநீலமாகும்போது வகுப்பே கூடிவிடும். ஒரே ஒரு இலை கூடுதல், அதற்குமேல் ஒரு பைசா செலவு கிடையாது.

சரி, அந்தச் சிவப்புக்கு என்ன வேலை? இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, கட்டுரையில் எல்லாச் சிவப்பையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். தண்டுக்கீரை, பீட்ரூட், காகிதப்பூ இவற்றின் சிவப்பு பீட்டாசயனின். மாந்தளிர், சிவப்பு முட்டைகோஸ், சங்குப்பூ இவற்றின் சிவப்பும் ஊதாவும் நீலமும் ஆந்தோசயனின். இந்த இரண்டு வகையும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதில்லை, பீட்டாசயனின் தண்டுக்கீரையைச் சேர்ந்த கூட்டத்துச் செடிகளின் தனிச்சொத்து. வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். சங்குப்பூ ஊறிய நீலத் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் கத்தரிப்பூ நிறத்துக்கும் ரோஸுக்கும் மாறும். பீட்ரூட் தண்ணீரில் பிழிந்தால் பெரிதாக ஒன்றும் மாறாது. பேத்தி இதையும் செய்து பார்த்து, அந்த ரோஸ் தண்ணீரைத் தேன் விட்டுக் குடித்தும் விட்டாள்.

மாந்தளிரை எடுத்துக்கொள்வோம். புதிதாக விட்ட மாங்கொழுந்து செம்பு நிறத்தில் தொங்குவதை யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது, மாந்தளிர் மேனி என்று நிறத்துக்கே பெயர் வைத்த மொழி நம்முடையது. அரச மரம் துளிர்க்கும்போதும் வேம்பு துளிர்க்கும்போதும் அதே செந்நிறம். அந்த வயதில் இலையில் பச்சையம் கொஞ்சம்தான் இருக்கும், உணவு தயாரிக்கிற அமைப்பு இன்னும் முழுதாகத் தயாராகியிருக்காது, தாய் இலைகள் அனுப்புகிற சர்க்கரையில்தான் கொழுந்து வளர்கிறது. இந்த ஒரு நிலையைப் பற்றி உங்கள் கட்டுரை சொல்லியிருந்தால் ஓரளவு சரி என்றே சொல்லியிருப்பேன். தோல் மெல்லிசாக, வெயிலைத் தாங்கப் பழகாமல் இருக்கிற அந்த நாட்களில் ஆந்தோசயனின் ஒரு திரைச்சீலை மாதிரி நின்று மிஞ்சிய வெளிச்சத்தைத் தடுக்கிறது என்பது ஆய்வாளர்கள் பலரும் சொல்கிற விளக்கம். பூச்சி கடிக்காமல் காக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. எதுவானாலும் அது ஒளியைப் பிடித்து உணவாக்குவதில் சேராது. இலை முற்ற முற்ற, பச்சையம் நிறைய, சிவப்பு விடைபெற்றுவிடும்.

பச்சையத்தையும் கட்டுரையில் ஒற்றைப் பொருளாகச் சொல்லியிருக்கிறார்கள். நிலத்துச் செடிகளில் அது இரண்டு வகை, ஏ என்றும் பி என்றும். ஏ நீலம் கலந்த பச்சை, பி மஞ்சள் கலந்த பச்சை. வெயிலில் நிற்கும் இலையில் கிட்டத்தட்ட மூன்று பங்கு ஏ-க்கு ஒரு பங்கு பி என்ற கணக்கில் இருக்கும், நிழலில் வளர்கிற செடியில் பி-யின் பங்கு கூடும், ஏனென்றால் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வலை விரித்துப் பிடிக்க வேண்டும். கூடவே மஞ்சள் நிறமிகள், கரோட்டினும் சாந்தோஃபில்லும். ஆக நாம் வெறும் பச்சை என்று பார்ப்பது நாலைந்து நிறங்களின் கூட்டு.

இதை நிறம் நிறமாகக் குழாயில் பிரித்துக் காட்டியவர் மிகைல் ட்ஸ்வெட் என்ற ருஷ்யத் தாவரவியலாளர். 1903-இல் வார்சாவில் தன் முறையைப் பற்றிப் பேசினார், 1906-இல் கட்டுரைகளாக வெளியிட்டார். அவர் செய்தது என்ன தெரியுமா, ஒரு கண்ணாடிக் குழாயில் கால்சியம் கார்பனேட் தூளை இறுக்கி அடைத்து, இலைச் சாற்றை மேலே ஊற்றினார், அவ்வளவுதான். ஒவ்வொரு நிறமியும் தூளோடு ஒட்டிக்கொள்கிற அளவு வேறு வேறு என்பதால் சில சீக்கிரம் இறங்கின, சில தயங்கி நின்றன. பச்சையாக ஊற்றிய சாறு மஞ்சளும் பச்சையுமாக வளையம் வளையமாகப் பிரிந்து நின்றது. ட்ஸ்வெட் என்றால் ருஷ்ய மொழியில் நிறம் என்றே பொருள்! இன்றைக்கு மருந்துக் கம்பெனியிலும் தடயவியல் ஆய்வகத்திலும் கலப்படம் கண்டுபிடிக்கிற இடத்திலும் ஓடுகிற குரோமட்டோகிராஃபி முழுவதும் அந்த இலைச் சாற்றுக் குழாயிலிருந்து பிறந்ததுதான். பச்சையத்தின் வேதியியலை ஆராய்ந்ததற்காக வில்ஸ்டேட்டர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1915-இல் நோபல் பரிசு பெற்றார். பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது, சுற்றிலும் நாலு நைட்ரஜன் அணுக்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நம் இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் என்ற பொருளிலும் இதே மாதிரி ஒரு வளையம்தான், நடுவில் மட்டும் இரும்பு. இதை வைத்துக்கொண்டு பச்சைச் சாறு குடித்தால் அப்படியே இரத்தமாக மாறும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, நம் உடம்புக்கு அந்த வித்தை தெரியாது, யாரும் அதை நம்பி இரத்தசோகைக்கு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

வெளிச்சம் பட்டதும் நடப்பதைச் சொல்கிறேன். பச்சைய மூலக்கூறு ஒன்று ஒளியை வாங்கியதும் அதன் எலக்ட்ரான் ஒன்று துள்ளி எழுகிறது. அந்தச் சக்தி பக்கத்தில் இருக்கிற மூலக்கூறுக்கு, அதற்கு அடுத்ததற்கு என்று கை மாறிக் கை மாறி, நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளைக் கடந்து, ஒரு மையத்தில் இருக்கிற சிறப்புப் பச்சையத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கேதான் எலக்ட்ரான் நிஜமாகவே கழன்று வெளியேறுகிறது. இழந்த எலக்ட்ரானை ஈடுகட்டத் தண்ணீர் பிளக்கப்படுகிறது. அப்போது மிச்சமாக வெளியே வருவதுதான் நீங்களும் நானும் சுவாசிக்கிற ஆக்ஸிஜன். மஞ்சள் நிறமிகளுக்கு இதில் இரட்டை வேலை. பச்சையம் சரியாகப் பிடிக்காத நீலமும் நீலப்பச்சையுமான ஒளியைப் பிடித்துப் பச்சையத்துக்குக் கொடுப்பது ஒன்று. இன்னொன்று காவல் வேலை. உச்சி வெயிலில் செலவழிக்க முடியாத அளவுக்குச் சக்தி வந்து குவியும்போது, அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து இலையையே எரித்துவிடாமல், வெப்பமாக மாற்றி வெளியே விட்டுவிடும். கரோட்டின் வகை நிறமியே உண்டாகாத மக்காச்சோள நாற்றுகள் உண்டு, அவை வெயிலில் வெளுத்து, விதையில் இருந்த உணவு தீர்ந்ததும் செத்துப்போகும். இத்தனை பெரிய வேலை செய்கிற மஞ்சளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை.

அப்புறம் இன்னொரு திருத்தம். இலை பச்சை ஒளியைப் பயன்படுத்துவதே இல்லை, எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடுகிறது, அதனால்தான் பச்சையாகத் தெரிகிறது என்றும் எழுதியிருந்தார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் பாடம் நடத்தினேன், ஒப்புக்கொள்கிறேன். சிவப்பையும் நீலத்தையும் இலை கிட்டத்தட்ட முழுதாக விழுங்குகிறது. 1880-களிலேயே எங்கெல்மான் என்ற ஜெர்மானியர் ஒரு பாசி இழையின் மேல் வானவில் நிறங்களை விழச் செய்து, ஆக்ஸிஜனைத் தேடிப் போகிற பாக்டீரியாக்களை அந்தத் தண்ணீரில் விட்டபோது, அவை சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில் போய் மொய்த்துக்கொண்டன. எவ்வளவு அழகான சோதனை பாருங்கள். ஆனால் பச்சை ஒளியிலும் பெரும்பகுதியை முழு இலை உள்வாங்கிக்கொள்ளத்தான் செய்கிறது. மற்ற நிறங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பி வருவதால் கண்ணுக்குப் பச்சை. உள்ளே போன பச்சை ஒளி இலையின் ஆழத்தில், சிவப்பும் நீலமும் எட்டாத அடுக்குகளில் இருக்கிற பசுங்கணிகங்களுக்கு வேலை கொடுக்கிறது.

நிறம் பச்சையாக இல்லாவிட்டாலும் உணவு தயாரிக்க முடியும் என்பதற்கு இன்னும் பெரிய சாட்சி ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிறது. மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் இறங்கிப் பறிக்கிறார்களே, கஞ்சிப்பாசி, அது சிவப்புப் பாசி இனம். அதிலும் பச்சையம் உண்டு, மேலே ஃபைக்கோஎரித்ரின் என்ற சிவப்பு நிறமி. கீரையின் சிவப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கீரையின் சிவப்பு ஒளிச்சேர்க்கையில் சேராது, பாசியின் சிவப்பு சேரும். கடல் தண்ணீர் மேலேயே சிவப்பு ஒளியைக் குடித்துவிடும், கீழே போகப் போகப் பச்சையும் நீலமும்தான் மிச்சம். அந்த ஒளியைப் பிடித்துப் பச்சையத்திடம் ஒப்படைக்கத்தான் இந்தச் சிவப்பு. கட்டக்கோரை என்று மீனவர்கள் சொல்கிற பழுப்புப் பாசியில் இதே வேலையை இன்னொரு நிறமி செய்கிறது. உங்கள் கட்டுரை சொன்னபடி பார்த்தால் இவை எல்லாம் பட்டினி கிடந்து செத்திருக்க வேண்டும்.

நிறமி என்பது பரீட்சைக்கு மட்டும் வேண்டிய விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு நீட்டமாட்டேன். எங்கள் குடும்பம் விவசாயக் குடும்பம், தம்பி இன்றும் காவிரித் தண்ணீரை நம்பிக் குறுவையும் தாளடியும் போடுகிறான். பயிர் வெளுத்தால் யூரியா, இதுதான் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த வைத்தியம். எந்த இலை வெளுத்தது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைந்தால் பயிர் பழைய இலையில் இருக்கிற பச்சையத்தையும் புரதத்தையும் பிரித்து, அந்த நைட்ரஜனைக் குருத்துக்கு அனுப்பிவிடும், அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். மக்னீசியம் குறைந்தாலும் அடி இலைதான், ஆனால் நரம்பு பச்சையாகவே இருந்து இடைப்பகுதி மட்டும் வெளுக்கும். இரும்பு அப்படி இல்லை, ஒரு இலையில் போய்ச் சேர்ந்த இரும்பு திரும்பி வராது, அதனால் குருத்து இலைதான் வெளுக்கும். பச்சையத்துக்குள் இரும்பு கிடையாது, ஆனால் பச்சையத்தைச் செய்து முடிக்க இரும்பு வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் சொந்தக்காரர் ஒருவரின் நிலக்கடலைக் கொல்லையில் கொழுந்து எல்லாம் வெள்ளைக் காகிதம் மாதிரி ஆகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. சுண்ணாம்புச் சத்து அதிகமான மண். அவர் ஏற்கனவே யூரியா போட்டுப் பணத்தைக் கரைத்திருந்தார். நான் ஒரு செடியைப் பிடுங்கி அடி இலையையும் நுனி இலையையும் அவர் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அடி இலை நல்ல பச்சை. "இது தழைச்சத்துப் பஞ்சம் இல்லீங்க அண்ணே, இரும்புப் பஞ்சம்" என்றேன். வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு வந்து அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்துத் தெளித்தார், பத்துப் பன்னிரண்டு நாளில் கொழுந்து பச்சை கட்டியது. அவர் படித்ததும் இதே ஒளிச்சேர்க்கைப் பாடம்தான். பச்சையம் என்றால் என்ன என்ற கேள்விக்கு இரண்டு மதிப்பெண் பதிலை மனப்பாடம் செய்தவர்தான்.

நெல்லுக்கு இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது, கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் அட்டை, வெளிர்ப்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்டுப் பட்டை பட்டையாக இருக்கும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் நம் வேளாண் பல்கலைக்கழகமும் பரிந்துரைத்த முறை. நட்ட பதினான்காம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒருமுறை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், முழுதாக விரிந்த மேல் இலையாகப் பார்த்துப் பத்துச் செடியில் அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். வெயில் படாமல் நம் உடம்பு நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நிறம் ஏமாற்றிவிடும். வெள்ளைப் பொன்னி மாதிரி இயல்பிலேயே வெளிர் இலை ரகத்துக்கு 3, மற்றவற்றுக்கு 4. பாதி இலைக்கு மேல் அதற்குக் கீழே போனால் யூரியா போடு, இல்லையென்றால் போடாதே. இவ்வளவுதான் கணக்கு. பச்சையத்தின் அளவைக் கண்ணால் அளக்கிற கருவி அது. தம்பி வயலில் அந்த அட்டையை வைத்துப் பார்க்க ஆரம்பித்த பிறகு தேவையில்லாமல் போட்ட மேலுரம் நின்றது, கண்மண் தெரியாமல் கரும்பச்சையாக வளர்ந்து பூச்சிக்கு விருந்தாகிற பயிரும் குறைந்தது.

அடுக்களைக்கும் இதே பாடம் போகும். கீரையை மூடி வேகவைக்காதே என்று என் மாமியார் சொல்லிக்கொண்டே இருப்பார். காரணம் கேட்டால் நிறம் போயிடும் என்பார், அது முழு உண்மை. கீரை வேகும்போது அதிலிருக்கிற அமிலங்கள் வெளியே வரும், மூடினால் ஆவியோடு போகாமல் திரும்ப உள்ளேயே விழும், அமிலம் பட்டால் பச்சையத்தின் நடுவில் இருக்கிற மக்னீசியம் கழன்று விழுந்து ஹைட்ரஜன் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், பச்சை போய் முற்றின ஆலிவ் நிறம் வந்துவிடும். புளி ஊற்றிய கீரை பழுப்பாவதும் அதனால்தான். சோடா உப்பு போட்டால் பளிச்சென்று பச்சையாக நிற்கும், ஆனால் வைட்டமின் சி வீணாகிவிடும், அதைச் செய்யாதீர்கள். மக்னீசியம் கழன்றால் என்ன ஆகும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சமையலறையிலேயே காட்டிவிடலாம் என்பதற்காகச் சொன்னேன்.

பசுமை என்ற நம் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைக்கும் அதுதான் வேர், பசும்பொன்னுக்கும் அதுதான் வேர், பிரிவில் மேனி வெளுத்து மஞ்சளாகிற பசலைக்கும் அதுதான் வேர். பச்சையும் மஞ்சளும் ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. இலை பழுத்துப் பச்சையம் கலைந்ததும் அதுவரை அடியில் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறதே, பலா இலையில் தினமும் பார்க்கிறோமே, அந்த மஞ்சள் புதிதாக வந்ததில்லை. நம் முன்னோர் வேதியியல் தெரிந்து சொல் கட்டினார்கள் என்றெல்லாம் நான் சொல்லவரவில்லை, அவர்கள் இலையை உற்றுப் பார்த்தவர்கள், அது நிச்சயம்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. வருகிற ஞாயிறு அதே சிறுவர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், சிவப்பு இலைகளிலும் பச்சையம் உண்டு, அவையும் உணவு தயாரிக்கின்றன என்று திருத்தம் போடுங்கள். மூலையில் பொடி எழுத்தில் போட்டால் எந்தப் பிள்ளையும் படிக்காது. இரண்டாவது, பிள்ளைகள் வீட்டிலேயே செய்கிற மாதிரி ஒரு சோதனையைப் படத்தோடு போடுங்கள். நான் பேத்தியோடு செய்ததையே எழுதுகிறேன்: வேகவைத்துப் பிழிந்த சிவப்புக்கீரை இலை நாலைந்தை இடிகல்லில் நசுக்கி, மருந்துக்கடையில் கிடைக்கிற ஸ்பிரிட் கொஞ்சம் ஊற்றி அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். ஸ்பிரிட் தீப்பற்றும், அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, பெரியவர்கள் யாராவது கூட இருக்க வேண்டும், இதை மட்டும் கட்டாயம் தடித்த எழுத்தில் போடுங்கள். வடிதாளை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, கீழேயிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் அந்தச் சாற்றால் ஒரு கோடு. காய்ந்ததும் அதன் மேலேயே மறுபடி, இப்படிப் பத்து முறை, பொறுமைதான் இதில் பாதி. அப்புறம் கண்ணாடி டம்ளரில் அரை விரற்கடை ஸ்பிரிட் ஊற்றி, கோடு நனையாமல் நுனி மட்டும் முங்குகிற மாதிரி பென்சிலில் ஒட்டித் தொங்கவிட வேண்டும். ஸ்பிரிட் தாளில் ஏற ஏறப் பச்சை நகரும், அதைத் தாண்டி மேலே மெல்லிசாக ஒரு மஞ்சள் தனியாகப் பிரிந்து நிற்கும். பள்ளி ஆய்வகத்தில் பெட்ரோலியம் ஈதரும் அசிட்டோனும் இருந்தால் மேலிருந்து கீழாகக் கரோட்டின், சாந்தோஃபில், பச்சையம் ஏ, பச்சையம் பி என்று நாலு பட்டையும் தெளிவாக வரும்.

பேத்தி செய்த தாளில் ஒன்றை அவள் தன் ஆசிரியையிடம் காட்ட எடுத்துப் போயிருக்கிறாள், தப்புக் குறியை மாற்றச் சொல்லவில்லை, டீச்சர் பார்த்தால் போதும் என்றாள். இன்னொன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பின்பக்கம் 'சிவப்புத் தண்டுக்கீரை' என்று அவள் கையெழுத்தில் எழுதியிருக்கும். படம் எடுப்பதாக இருந்தால் உறையைப் பிரித்த அன்றைக்கே எடுத்துவிடுங்கள், வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் இரண்டு மூன்று நாளில் பச்சை வெளுத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.